சத்து க்ரீம்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. டோக்கன் என்ன, பதினேழா? அப்ப நிதானமா உக்காரலாம். இப்ப உள்ள போயிருக்கிறதே பதினொன்னுதான். அது எங்க ஆளுகதான், என் சம்சாரமும் பிள்ளையும். ஆளுக்கு அரை மணி நேரம் பேசும் இந்தத் தோல் டாக்டரம்மா. பார்த்தோமா, சீட்டு எழுதினோமான்னு இல்லாம பாடம் நடத்தும்.

நான் உள்ள போறதில்ல. சாத்தூர்ல இருந்து பஸ்ல கூட்டிட்டு வருவேன், டோக்கன் போடுவேன், இங்க உக்காந்துக்குவேன். போன தடவையும் இப்படித்தான். உள்ள போய் என்ன செய்ய? பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டணும்னு அந்தம்மா சொல்லும், நான் கையைக் கட்டிட்டுக் கேக்கணும். என் கடைக்கு வச்ச பேர்ப்பலகை வயசு கூட ஆகாது அந்தம்மாவுக்கு டாக்டர் தொழில்ல.

மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன் தம்பி. இருபத்திரண்டு வருஷம். பார்மசி முறையா படிச்சவன், லைசென்ஸ் வாடகைக்கு வாங்கி உக்காந்திருக்கிறவன் இல்ல. எங்க ஊர்ல பாதிப் பேரு டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி என்கிட்டத்தான் வருவான். மீதிப் பேரு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்து, "அண்ணே, இந்த மருந்து சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு என்கிட்டக் காட்டுவான். அப்படிப்பட்ட ஆளு நான்.

வெளிய மரத்தடியில பச்சைச் சேலை கட்டிப் பிள்ளையை வச்சிட்டு நிக்கிறது உங்க வீட்டம்மாவா? பத்து மாசமா பிள்ளைக்கு? கன்னம் ரெண்டும் செக்கச் செவேல்னு இருக்கே. அதேதான். எங்க பிள்ளைக்குக் கன்னத்துல வரல. முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாலயும்தான் ஆரம்பிச்சுது. அஞ்சு வயசு முடிஞ்சிருந்துச்சு. கரப்பான்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. இவங்க எக்ஸிமாங்கிறாங்க. பேர்தான் வேற. அரிப்பு ஒன்னுதான்.

எவ்வளவு பேரு வைத்தியம் சொன்னாங்கங்கிறீங்க. கத்தரிக்காய் குடுக்காதே, கருவாடு குடுக்காதே, நிலக்கடலையைக் கண்ணுல காட்டாதே. ஒருத்தி வேப்பிலையை அரைச்சுப் பூசச் சொன்னா. என் மச்சினன் காளிராஜ், என் சம்சாரம் ஈஸ்வரியோட தம்பி, அச்சாபீஸ்ல காகிதம் வெட்டுறவன், அவன் குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சு எடுத்துட்டு வந்தான். படத்துல பார்த்தானாம் செல்போன்ல. ஈஸ்வரியும் வாங்கித் தடவிட்டா. எம் பொண்ணு வீட்டைச் சுத்தி ஓடினா, எரியுதுன்னு. அன்னைக்கே சொன்னேன், இனிமே இந்த வீட்ல பிள்ளை தோலைத் தொடுறதுன்னா என்னைக் கேட்டுட்டுத் தொடுங்கன்னு. படிச்சவன் ஒருத்தன் வீட்ல இருக்கும்போது கண்டவன் பேச்சைக் கேக்கலாமா?

அப்புறம் நான் எடுத்தேன் என் மருந்தை.

ஒரு டியூப்தான். மூணு மருந்து கலந்தது. கம்பெனிப் பேரு வேண்டாம். கடையில அது போற மாதிரி தலைவலி மாத்திரை கூடப் போகாது. படர்தாமரைக்காரன் வாங்குவான், முகம் வெளுக்கணும்னு பொம்பளைப் பிள்ளைக வாங்கும், ஷேவ் பண்ணி முகம் எரியுதுன்னு வர்றவனும் அதைத்தான் வாங்குவான். ரெண்டு நாள் போட்டேன் தம்பி. ரெண்டே நாள். தோலு சும்மா வாழைக்குருத்து மாதிரி ஆயிருச்சு. ஈஸ்வரி கையைப் பிடிச்சுப் பார்க்கிறா, திருப்பிப் பார்க்கிறா, இது என்னங்க மருந்துங்கிறா. சத்து க்ரீம்னேன். ஸ்டீராய்டுன்னு சொன்னா அவளுக்கு என்ன புரியும்? அந்த வார்த்தையைக் கேட்டாலே இவளுக போன்ல தேடிப் பார்த்துட்டு அழ ஆரம்பிச்சிருவாளுக. பொம்பளைக்கு விளக்கம் சொல்லிட்டு இருந்தா கடையை எப்ப திறக்குறது? சத்து க்ரீம். முடிஞ்சுது.

நிறுத்துனா பத்து நாள்ல திரும்ப வரும். வந்தா திரும்பப் போட வேண்டியதுதான். சாப்பாடு ஒரு தடவை சாப்பிட்டா ஆயுசுக்கும் பசிக்காமலா இருக்கும்? அப்படியே ரெண்டு வருஷம் ஓட்டினேன். கடைசியில கன்னத்துலயும் ஒரு சிவப்பு வந்துச்சு, அதுக்கும் போட்டேன்.

நீங்க என்ன போட்டீங்க உங்க பிள்ளைக்கு? காட்டுங்க. ம். இதையா குடுத்தான்? எந்தக் கடையில? எத்தனை நாளா? சரி. நல்ல மருந்துதான், ஒன்னும் சொல்றதுக்கில்ல. ஆனா முகத்துல போடாதீங்க. இல்ல, சும்மாதான். முகத்துல வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம்னு வச்சுக்குங்களேன்.

எங்க விட்டேன்? ரெண்டு வருஷம். எங்க பிள்ளை பேரு தர்ஷிகா. நல்லாப் படிக்கும். ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது அந்த ஸ்கூல்ல ஒரு டீச்சர், இவ கையைப் பார்த்துட்டு, ஒட்டுற வியாதியோன்னு கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சிருச்சு. நாலு நாளு. பிள்ளை வீட்ல சொல்லல. அஞ்சாம் நாள் அது டிபன் பாக்ஸை யாரும் தொட மாட்டேங்கிறாங்கன்னு சொல்லி அழுதுச்சு. நான் கடையைப் பூட்டிட்டு நேராப் போனேன். க்ளாசுக்குள்ளேயே போய் நின்னு கேட்டேன், டீச்சர், உங்களுக்கு யாரு சொன்னது இது ஒட்டும்னு, எந்தப் புஸ்தகத்துல இருக்கு, எடுத்துக் காட்டுங்கன்னு. முழிச்சிச்சு. பி.எட். படிச்ச அறிவு அவ்வளவுதான். பிள்ளைக எல்லாம் பார்க்கிறாங்க. தர்ஷிகா முன் பெஞ்சுக்கு வந்துட்டா. அன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தவ போற வர்றவங்ககிட்ட எல்லாம், எங்கப்பாவுக்குத் தெரியாத மருந்தே கிடையாதுன்னு சொல்லிட்டு இருந்தா. ஸ்கூல் விட்டா நேரா கடைக்குத்தான் வருவா அப்ப. கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து வீட்டுப் பாடம் எழுதுவா. மாத்திரை அட்டைல இருக்கிற பேரை எழுத்துக் கூட்டி வாசிப்பா.

இந்த ஜூன்ல ஸ்கூல் திறந்த புதுசுல ஈஸ்வரி என்னைக் கேக்காமலே இங்க டோக்கன் போட்டுட்டா. வெயில்ல போனா பிள்ளைக்குக் கன்னம் எரியுதாம். நரம்பு தெரியுதாம் தோலுக்கு அடியில. சாத்தூர் வெயில்ல கல்லுக்கே எரியும், கன்னம் எரியாதா? சரி, வந்தது வந்தோம்னு நானும் கூட வந்தேன். கோவில்பட்டியில என்னத்தக் கிழிக்கிறாங்கன்னு பார்ப்போம்னு.

என்ன செஞ்சாங்கங்கிறீங்க. ஊசி இல்ல. மாத்திரை பேருக்கு ஒன்னு, அரிப்புக்கு. வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம், மிஞ்சினா பத்து நிமிஷம் குளிக்க வைங்க. நுரைக்கிற சோப்பு வேண்டாம். துண்டை வச்சுத் தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. ஈரம் காயுறதுக்கு முன்னாடி, மூணு நிமிஷத்துக்குள்ள, இந்தக் களிம்பை உடம்பு பூராம் தடவுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அரிப்பு இருந்தாலும் இல்லாட்டியும். சிவந்த இடத்துல மட்டும் இந்தச் சின்ன டியூப், அதுவும் விரல் நுனியில இருந்து முதல் கோடு வரைக்கும் எடுத்தா ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்க. யூனிபார்ம் பாலியஸ்டர், அதனால உள்ள பருத்திச் சட்டை போடுங்க. இதைச் சொல்லத்தான் அத்தனை வருஷம் படிச்சாங்களாம். ஈஸ்வரி பிள்ளை நோட்டுல ஒரு வரி விடாம எழுதிக்கிறா, பரீட்சைக்கு எழுதுற மாதிரி.

அப்பத்தான் அந்தம்மா கேட்டுச்சு. "இதுக்கு முன்னாடி என்ன போட்டுட்டு இருந்தீங்க?"

ஈஸ்வரி என்னைப் பார்த்தா. நான் சொன்னேன், சாதாரண சத்து க்ரீம்தாங்க, கடையில இருக்கிறதுதான்னு.

வேற என்ன சொல்ல? சொன்னா உடனே ஒரு லெக்சர் ஆரம்பிக்கும். எனக்குத் தெரியாததா? அந்த டியூப்ல இருக்கிற சீட்டை நான் வாசிச்ச அளவுக்கு எந்த டாக்டரும் வாசிச்சிருக்க மாட்டான்.

"சரி, இனிமே நான் எழுதினதைத் தவிர வேற எதுவும் வேண்டாம்"னு சொல்லி அனுப்பிச்சு.

வீட்ல அன்னையில இருந்து திருவிழாதான். ஈஸ்வரி தையல்காரி. வீட்லயே ஜாக்கெட் தைப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் பழைய வேட்டியில மூணை எடுத்து வெட்டிப் பிள்ளைக்கு உள்சட்டை தைச்சுட்டா. தையல் பக்கம் தோல்ல படக்கூடாதாம், அதனால தையலை வெளிப்பக்கம் வச்சு. துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி ஆன வேட்டிக, எனக்கு வீட்ல கட்டிக்க அதுதான் சுகம். போச்சு. பக்கெட் தண்ணியில முழங்கையை விட்டுச் சூடு பார்க்கிறா. கடிகாரத்தைப் பார்த்து மூணு நிமிஷம் எண்ணுறா. பிள்ளைக்குத் தலை முதல் கால் வரைக்கும் களிம்பை அப்பி விட்டா, அது உக்காந்த இடத்துல எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பரோட்டா மாவு தோத்துப் போகும். காளிராஜ் வேற வந்து, "அக்கா, நீ செய்றதுதான் சரி"ன்னு சொல்லிட்டுப் போறான். குப்பைமேனி டாக்டர் அவன்.

ரெண்டாவது வாரம் என்ன ஆச்சு? குப்புனு கிளம்பிருச்சு. கை, கால், கழுத்து எல்லாம் சிவந்து, நீர் வடிய ஆரம்பிச்சுது. நான் சொன்னேன், பாரு, இதுதான் உன் டாக்டரம்மா வைத்தியம். இவ கேக்கல. டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு அதே களிம்பைத் தடவுறா.

பிள்ளை ஸ்கூல் விட்டுக் கடைக்கு வந்துச்சு ஒரு நாள். கல்லாப்பெட்டி ஓரத்துல முழங்காலை வச்சு உரசிட்டே நிக்குது. யாரும் பார்க்காத நேரமாப் பார்த்து, மரக்கட்டையில மாடு உரசுற மாதிரி. எனக்குத் தாங்கல தம்பி. அறிவுள்ள எவனுக்கும் தாங்காது. கையில மருந்தை வச்சிட்டு எவளோ ஒருத்தி சொன்னாங்கிறதுக்காகப் பிள்ளையை வதைக்கவா? உள்ள கூட்டிட்டுப் போய், ஸ்டாக் வைக்கிற ரூமுல, டியூப்பை எடுத்துப் போட்டு விட்டேன். "அப்பா, இது டாக்டர் வேண்டாம்னு சொன்ன க்ரீமா"ன்னு கேட்டுச்சு. இது வேறன்னேன். அம்மாகிட்டச் சொல்லாதே, அம்மா பயப்படுவான்னும் சொன்னேன். தலையை ஆட்டுச்சு. நல்ல பிள்ளை, சொன்னாக் கேக்கும்.

தினம் சாயங்காலம் போட்டேன். நாலாம் நாள் அடங்கிருச்சு. சுத்தமா அடங்கிருச்சு. ஈஸ்வரிக்கு என்ன சந்தோஷங்கிறீங்க. டாக்டர் சொன்னபடி பொறுமையாச் செஞ்சோம், கேட்டுருச்சு பார்த்தீங்களாங்கிறா. பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்தக் களிம்பு டப்பாவைக் காட்டுறா. தெருவுல நாலு பேருக்கு இந்த டாக்டர் அட்ரஸ் எழுதிக் குடுத்திருக்கா. நான் வாயைத் திறக்க முடியாம உக்காந்திருக்கேன். குணமாக்கினது நான், பேரு வாங்குறது இன்னொருத்தி. என் வயித்தெரிச்சல் யாருக்குப் புரியும்? பிள்ளைக்கு மட்டும் தெரியும். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். ரெண்டு மாசம்.

ஆகஸ்ட் கடைசியில திரும்ப வரச் சொல்லியிருந்தாங்க. வந்தோம். நானும் உள்ள போனேன். அந்தம்மா கையைப் பார்த்துச்சு, சிரிச்சிச்சு. அப்புறம் முட்டிக்குப் பின்னால திருப்பிப் பார்த்துச்சு. லென்ஸை எடுத்துச்சு. அங்க கோடு கோடா விழுந்திருந்துச்சு, பிள்ளை பெத்தவ வயித்துல இருக்குமே அந்த மாதிரி. கன்னத்தைப் பார்த்துச்சு. சிரிப்புப் போயிருச்சு.

"நான் குடுத்த மருந்து இதைச் செய்யாதுங்க. இதைவிடப் பலமா வேற ஏதோ போட்டிருக்கீங்க. யாரு போட்டது?"

கேட்டுட்டு லென்ஸைக் கீழ வச்சுச்சு.

அந்தம்மா பார்த்தது ஈஸ்வரியை. எப்பவும் அம்மாக்களைத்தானே பார்ப்பாங்க. ஈஸ்வரி உடனே, "சத்தியமா டாக்டர், நீங்க எழுதினதைத் தவிர நான் ஒன்னும் தொடல. நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், பாருங்க டாக்டர்"னு அந்த நோட்டை நீட்டுறா. கண்ணுல தண்ணி. அந்தம்மா நோட்டை வாங்கல. "நீங்க சொல்லலைன்னா நான் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க முடியாதும்மா"ங்குது.

நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். நம்புங்க. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன், அவ்வளவுதான். தொழில் தெரிஞ்சவன் பேசுறதுன்னா முறையாப் பேசணும், மருந்து, அளவு, காரணம் எல்லாம் சொல்லணும். அதுக்குள்ள பிள்ளை பேசிருச்சு.

"அம்மா இல்ல டாக்டர். நான்தான். அப்பா கடையில இருந்து எடுத்து நானே போட்டுக்கிட்டேன். ரொம்ப அரிச்சது."

பிள்ளைக்குப் பொய் சொல்ல யாரு கத்துக் குடுத்தாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஸ்கூல்ல கத்துக்கிட்டிருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைக. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, டாக்டர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுது. என் பக்கம் திரும்பவே இல்ல.

நான் என்ன சொல்ல முடியும் அதுக்கு மேல? பிள்ளையே சொல்லிருச்சு. அது பொய்ங்கிறேன்னு வச்சுக்குங்க, பிள்ளையைப் பொய்க்காரியாக்கின மாதிரி ஆகும், டாக்டர் முன்னால. ஒரு அப்பன் அதைச் செய்வானா?

அந்தம்மா என்னைப் பார்த்துச்சு. "மெடிக்கல் வச்சிருக்கீங்க. மருந்தைச் சின்னப் பிள்ளை கைக்கு எட்டுற இடத்துல வைக்கலாமா?" என்னை. ட்ரக் இன்ஸ்பெக்டரே என் கடை ராக்கைப் பார்த்துட்டு இப்படித்தான் அடுக்கணும்னு சொன்ன கடை அது. எவ்வளவு திமிர் இருந்தா கேக்கும்? வந்த கோவத்துக்கு எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அன்னையில இருந்து உள்ள போறதில்ல. மரியாதை தெரியாத இடத்துக்கு நான் போறதில்ல.

பஸ்ல ஈஸ்வரி பிள்ளையை வாங்கு வாங்குன்னு வாங்கினா. திருட்டுப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சு, நான் ராப்பகலா உன் உடம்பைப் பார்த்தேனே, டாக்டர் என்னையில்ல சந்தேகப்பட்டாங்கன்னு. கையில ஒரு அடியும் அடிச்சா. அடிச்ச கையில களிம்பு ஒட்டிக்கிச்சு, சேலையில துடைச்சுக்கிட்டே அழுதா. பிள்ளை ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டே வந்துச்சு. நான் பஸ் ஏறுறதுக்கு முன்னால கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தேன், அதைக் குடுத்தேன். வாங்கிக்கிச்சு. பிரிக்கல. சாத்தூர் வரைக்கும் மடியிலயே வச்சிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இருந்துச்சு நிஜமான கூத்து. டியூப் நின்னுருச்சு இல்லையா. செப்டம்பர் பூராம் பிள்ளை தீயில விழுந்த மாதிரி கிடந்துச்சு. மூஞ்சி வீங்கி, இமை ஒட்டி. இதுவும் வரும், வந்து போகும், விட்டுறாதீங்கன்னு அந்தம்மா முன்னாடியே சொல்லியிருந்துச்சாம். ஈஸ்வரி தைக்கிறதை நிறுத்திட்டா. ஈரத்துணியைப் பிழிஞ்சு கையில சுத்துவா, மேல காஞ்ச துணியைச் சுத்துவா, பிள்ளையை மடியில போட்டுக் கதை சொல்லிட்டு உக்காந்திருப்பா. மூணு வாரம் பிள்ளை ஸ்கூல் போகல. வேற வேலை இல்லாதவளுக்குத்தான் இந்த வைத்தியம் எல்லாம் ஒத்துவரும்.

வீட்ல இருக்கிற மருந்தை எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. சாவி அவ இடுப்புல. பிள்ளை திருடிருமாம். கடைக்கும் அனுப்புறதில்ல. ஸ்கூல் விட்டா காளிராஜ் வந்து அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவான். ஏன்னு கேட்டேன். "உங்க கடையில மருந்து இருக்குங்க, அவ கை சும்மா இருக்காது"ங்கிறா. என் பிள்ளை என் கடைக்கு வரக்கூடாதாம். காகிதம் வெட்டுறவன் வீட்ல போய் உக்காந்து படிக்கணுமாம்.

இப்பத் தேவலை. கையெல்லாம் நல்லாயிருச்சு. களிம்பால இல்ல தம்பி, வயசு. எட்டு வயசுல தானாக் குறையும், எந்தப் புஸ்தகத்துலயும் போட்டிருக்கும்.

போன மாசம் ஈஸ்வரிக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. நீங்க இன்னிக்கு ஒரு நாள் தடவி விடுங்கன்னு சாவியைக் குடுத்தா. சரின்னு குளிப்பாட்டினேன். துண்டை எடுத்தா, "அப்பா, தேய்க்கக்கூடாது, ஒத்தணும்"னு சொல்லுது. ஒத்தினேன். களிம்பு டப்பாவைத் திறந்தேன். கையை விடப் போறேன், "கையால அள்ளக்கூடாதுப்பா, ஸ்பூன் இருக்கு பாருங்க, கை பட்டா அழுக்கு சேரும்"ங்குது. எனக்குப் பாடம். ஸ்பூன்ல எடுத்தேன். கையை நீட்டிட்டு நின்னுச்சு. நான் தடவப் போகும்போது டப்பாவுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுக் கேட்டுச்சு.

"அப்பா, இதுல ஒன்னும் கலக்கலையே?"

எட்டு வயசுப் பிள்ளை கேக்குற கேள்வியா இது? இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கடை வச்சிருக்கிறவனைப் பார்த்து? கலக்கலைம்மான்னேன். சரின்னு கையை நீட்டுச்சு. நான் தடவி முடிக்கிற வரைக்கும் என் கையையே பார்த்துட்டு இருந்துச்சு. எல்லாம் ஈஸ்வரி கெடுத்து வச்சது. சந்தேகப் புத்தி.

இப்ப என்ன பிரச்சினைன்னா, உயரம் ஏறலையாம். ஜூன்ல எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவேதான் டிசம்பர்லயும். கன்னத்துல தோலும் இன்னும் மெல்லிசாவே இருக்காம். ரெண்டு மாசம் போட்டதுக்கு இவ்வளவு ஆகாதே, வேற என்னன்னு பார்க்கணும், ரத்தம் எடுத்துப் பார்ப்போம்னு போன தடவை சொல்லி விட்டுச்சாம். ஈஸ்வரி பத்து நாளாத் தூங்கல. சாமிக்குக் காசு முடிஞ்சு போட்டிருக்கா. என்ன வியாதியோ, நம்ம வம்சத்துல யாருக்கும் குள்ளம் கிடையாதேங்கிறா. வியாதியும் இல்ல, மண்ணும் இல்ல. ரெண்டு மாசம்னு நினைச்சுட்டுக் கணக்குப் போட்டா எப்படி வரும்? அந்தம்மா கணக்கே தப்பு. அதான் சொல்றேன், படிப்பு மட்டும் இருந்தா போதாது.

கதவு திறக்குது பாருங்க. எங்க பிள்ளைதான். இந்த நீலச் சட்டை.

என்னம்மா, முடிஞ்சுதா? அம்மா எங்க?

என்ன?

...

இல்ல, இங்க வா. பக்கத்துல வா. மெதுவாச் சொல்லு.

...

கேட்டீங்களா தம்பி? டாக்டர் அதுகிட்டக் கேக்குதாம், நீ எடுத்துப் போட்ட டியூப் பேரு என்ன, எத்தனை நாள் போட்டே, சரியா யோசிச்சுச் சொல்லுன்னு. பேரு தெரியாது, அப்பாகிட்டக் கேட்டுட்டு வர்றேன்னு வந்திருக்கு. என்கிட்டக் கேக்குது, "எத்தனை நாள்னு சொல்லட்டும்ப்பா"ன்னு. நான் என்ன சொல்றேனோ அதைப் போய்ச் சொல்லும். நல்ல பிள்ளை, சொன்னாக் கேக்கும்.

அந்தப் பேரு நீளமான பேரு தம்பி. மூணு மருந்து கலந்ததாச்சே. பிள்ளைக்கு அதைச் சொல்ல வராது. சொன்னாலும் அந்தம்மாவுக்கு ஒழுங்கா எழுத வராது, ஒரு எழுத்து மாறினா வேற மருந்து ஆயிரும். கணக்கும் அதுகளுக்குச் சரியா வராது, ரெண்டு வருஷத்தை ரெண்டு மாசம்னு எழுதி வச்சிருக்காங்க.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. பதினேழு கூப்பிட்டா நீங்க போங்க, பையைச் சேர்லயே வச்சுட்டுப் போங்க.

நீ இங்கேயே உக்காரும்மா. இந்த மாமா பக்கத்துல உக்காரு. உள்ள வர வேண்டாம். நான் போய்ச் சொல்றேன்.